பிளஸ் ஒன்னில் பொருளியல் கேட்கிறாள் மகள், எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

பெரம்பூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் மாநகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் பத்தாவது முடித்திருக்கிறாள். மொத்தம் 412. கணக்கில் 78, சமூக அறிவியலில் 94. அந்தப் பள்ளி பத்தாவதோடு முடிகிறது, அதனால் எப்படியும் வேறு பள்ளிக்கு மாற வேண்டும்.

அவளுக்குப் பொருளியல்தான் படிக்க வேண்டுமாம். நான் புரசைவாக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். ராத்திரி சாப்பிடும்போது கடையில் நடந்ததைச் சொன்னால் குடைந்துகொண்டே இருப்பாள். "ஆடியில் பாதி விலைக்குக் கொடுத்தும் கடை நடக்கிறது என்றால் தை மாசத்தில் எவ்வளவு லாபம் வைக்கிறார்கள்?" "தங்கம் இவ்வளவு ஏறியும் நகைக்கடையில் ஏன் கூட்டம் குறையவில்லை?" இதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரியாது. பதில் தெரிந்த ஒருத்தரிடம் அவள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். "நானூறுக்கு மேல் வாங்கியிருக்கிறாள், சயின்ஸ் குரூப் போடு" என்கிறார். நாத்தனாரோ காமர்ஸ் எடுத்தால் கணக்கு எழுதும் வேலையாவது கிடைக்கும், பொருளியலை வைத்து என்ன செய்வாள் என்று கேட்கிறார்.

இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று எங்கள் தெருமுனையில் உள்ள தனியார் பள்ளி. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள். வருடத்துக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். பொருளியலுக்கு யார் டீச்சர் என்று கேட்டேன். "அதுக்குன்னு தனியா கிடையாதும்மா, காமர்ஸ் மிஸ்ஸே எடுப்பாங்க, கைடு வெச்சு படிச்சா நல்ல மார்க் வந்துடும்" என்றார் அட்மிஷனில் இருந்தவர். இன்னொன்று அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் மூன்று பாடமும் அதே, நான்காவது வணிகக் கணிதம். பொருளியலுக்குத் தனி ஆசிரியர் இருக்கிறார் என்று அங்கே படிக்கும் பெண் சொன்னாள்.

தினமும் இரண்டு பஸ் என்பதுதான் யோசனையாக இருக்கிறது. கணக்கில் 78 வாங்கிய பெண் வணிகக் கணிதத்தைச் சமாளிப்பாளா? பொருளியல் படித்தவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


ஓஎம்ஆர்வாசி:

அக்கா, நான் ஐடியில் இருக்கிறேன். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் உள்ள பிரிவில் சேர்த்துவிடுங்கள். பன்னிரண்டாவது முடித்த பிறகு பொருளியல்தான் வேண்டும் என்றால் அப்போதும் பி.ஏ. பொருளியல் சேரலாம், கதவு மூடாது. காமர்ஸ் எடுத்துவிட்டு இன்ஜினியரிங் பக்கம் திரும்ப முடியாது. பெண்ணின் விருப்பம் மாறினால் கைகொடுக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.


கரும்பலகை:

வணக்கம் அம்மா. நான் வடசென்னையில் ஒரு அரசுப் பள்ளியில் பொருளியல் முதுகலை ஆசிரியை. உங்கள் பதிவைப் படித்ததும் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார வேண்டிய பெண் என்றுதான் தோன்றியது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆடிக் கேள்வி. அது பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இரண்டு பாடம் சேர்ந்த கேள்வி. ஆடியில் கல்யாணம் இல்லை, பட்டுப் புடவைக்கு ஆள் வருவதில்லை. ஆனால் கடை வாடகை, உங்கள் சம்பளம், சரக்கு வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் விற்றாலும் விற்காவிட்டாலும் ஓடும். இவை மாறாச் செலவு. புடவை வாங்கிய விலைக்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் அது வாடகைக்கு உதவும், சும்மா அடுக்கி வைத்திருந்தால் அதுவும் வராது. தீபாவளிச் சரக்கு எடுக்கக் கையில் பணமும் வேண்டும். அப்புறம் இன்னொன்று. தை மாதம் முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க வருபவர் விலை கூடுதல் என்று திரும்பிப் போக மாட்டார். ஆடி வரைக்கும் காத்திருந்து வாங்குபவர் விலையை மட்டுமே பார்ப்பவர். விலை மாறினால் வாங்குவது எவ்வளவு மாறும் என்கிற தேவை நெகிழ்ச்சி இருவருக்கும் வேறு, அதனால் ஒரே புடவைக்கு இரண்டு விலை. மூன்றாண்டு பட்டப்படிப்பு வரைக்கும் வருகிற விஷயத்தை உங்கள் மகள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். தம்பி ஓஎம்ஆர்வாசி சொன்னது பொய்யில்லை. கணிதப் பிரிவில் படித்தவர்களும் பி.ஏ. பொருளியலுக்கு வருகிறார்கள், நன்றாகவும் படிக்கிறார்கள். ஆனால் விருப்பமில்லாத இயற்பியலையும் வேதியியலையும் இரண்டு வருடம் சுமந்து, பொறியியல் நுழைவுத்தேர்வான ஜேஇஇ என்ற ஓட்டத்துக்கு நடுவில் நிற்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் மிஞ்சுமா என்பதுதான் என் கவலை. பிடித்த பாடம் எது என்று பதினைந்து வயதில் தெளிவாகத் தெரிந்த பிள்ளைகள் குறைவு. தெரிந்த பிள்ளையை ஏன் சுற்றுவழியில் அனுப்ப வேண்டும்?

தெருமுனைப் பள்ளி வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் அந்தக் கைடுதான். காமர்ஸ் பிரிவில் பொருளியலை ஒப்புக்கு நடத்துகிற வழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. கணக்குப்பதிவியலுக்குத் தனி வகுப்பு, மாலை வகுப்பு எல்லாம் வைப்பார்கள். பொருளியலுக்கு "கடைசி மாதம் பார்த்துக்கலாம்". தேர்வில் 90 மதிப்பெண் எழுத்துக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. அந்த 90-ல் 20 ஒரு மதிப்பெண் கேள்விகள். பாடத்தின் பின்னால் உள்ளதை மனப்பாடம் செய்தே கரை சேர்ந்துவிடலாம் என்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. 95 வாங்கிய பிள்ளையிடம் தக்காளி விலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் விழிக்கும்.

என் வகுப்பில் முதல் வாரமே கோயம்பேடுதான். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் மழை கொட்டித் தக்காளி லாரி வரத்துக் குறைகிறது, விலை ஏறுகிறது. முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் மல்லிகை விலை ஏறுகிறது. இரண்டிலும் விலை ஏற்றம்தான். விலைக்கேற்ப நாம் வாங்கும் அளவைக் காட்டும் தேவைக் கோடா, விற்பவர் கொண்டுவரும் அளவைக் காட்டும் அளிப்புக் கோடா, எது நகர்ந்தது என்று கேட்பேன். பாதிப் பிள்ளைகள் இரண்டுக்குமே தேவைக் கோட்டை நகர்த்துவார்கள். தக்காளிக்கு அளிப்புக் கோடு இடப்பக்கம் போகிறது, நாம் அதே தேவைக் கோட்டின் மேல் ஏறிப் போய்க் குறைவாக வாங்குகிறோம். மல்லிகைக்குத்தான் தேவைக் கோடே வலப்பக்கம் நகர்கிறது. இது கைக்கு வந்துவிட்டால், தனித்தனிச் சந்தைகளைப் பற்றிய நுண்ணியல் பகுதியில் பாதி வந்த மாதிரி.

அங்கிருந்து அடுத்த கேள்வி. 2023 ஜூலையில் வெளிச்சந்தையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. நடுவில் உள்ள பணத்தை யார் கொடுத்தார்கள்? எல்லோருக்கும் கிடைத்ததா? கியூவில் நின்ற நேரத்துக்கு என்ன விலை? இதைப் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருப்பதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் நாட்டு வருமானம், அதாவது ஒரு வருடத்தில் நாட்டில் உற்பத்தியாகும் பொருள், சேவைகளின் மொத்த மதிப்பு, பாடமாக வரும். போன வருடம் நான் கேட்ட கேள்வி: உங்கள் அம்மாவுக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் நாட்டு வருமானத்தில் சேருமா? "அரசாங்கமே கொடுக்குது, சேராம இருக்குமா மிஸ்?" என்றார்கள். சேராது. எந்தப் பொருளுக்கும் சேவைக்கும் ஈடாகக் கொடுத்தது இல்லை, மாற்றுச் செலுத்துகை. ஆனால் அம்மா அதை எடுத்துப் போய்ப் பருப்பும் எண்ணெயும் வாங்கினால் அந்த நுகர்வுச் செலவு சேரும். உடனே ஒரு பெண் எழுந்து, "அப்போ அம்மா அந்தப் பருப்பைச் சமைச்சா?" என்று கேட்டாள். அது சேராது, அதே சாம்பாரை ஓட்டலில் விற்றால் சேரும் என்றதும் வகுப்பு முழுக்கச் சத்தம். நியாயமே இல்லை என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். அந்தச் சண்டை பொருளியலாளர்களுக்குள் இன்னும் நடக்கிறது, அதில் நம் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு பெண்ணைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவள் அம்மா மீன் விற்கிறார், தினமும் திருப்பிக் கட்டுகிற தண்டல் கடன் வாங்குகிறவர். கையில் வருவது 9,000. தினமும் 100 வீதம் 100 நாளில் 10,000 கட்ட வேண்டும். "ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம், அப்போ 11 பர்சென்ட்தானே மிஸ், பேங்க் மாதிரிதானே?" என்று கேட்டாள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. நூறு நாளும் அவர்கள் கையில் 9,000 இருக்கவில்லை, சராசரியாக 4,500 தான் இருந்தது. 4,500-க்கு 1,000 என்றால் நூறு நாளுக்கே 22 சதவீதம். வருடத்துக்கு 80-ஐத் தாண்டுகிறது. அந்தப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினாள். தண்டலை நிறுத்த அவர்களால் முடியவில்லை, காலை நான்கு மணிக்கு ஏலத்தில் மீன் எடுக்க வேறு யார் கடன் கொடுப்பார்கள்? மகளிர் குழுவில் சேர்ந்து கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். வங்கியியல் பாடத்தில் அந்தப் பெண் எழுதிய விடைத்தாளை நான் வைத்திருக்கிறேன்.

இப்படிப் படிப்பது சென்னைக்குப் புதிதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916-ல் அவர் தன் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது சொந்த ஊரில் யாரிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு கூலி, எவ்வளவு கடன் என்று விசாரித்து வரச் சொன்னார். விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு அப்படிப் பதிவான ஊர்களில் ஒன்று. அந்த ஊர்களுக்குப் பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய் என்ன மாறியது என்று பார்த்திருக்கிறார்கள். நான் என் பிள்ளைகளை அவர்கள் தெருவுக்கே அனுப்புகிறேன்.

அடுத்து பணம். இதை உங்கள் மகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள், ஒன்றை எடுத்தால் இன்னொன்று கைவிட்டுப் போவதைச் சொல்கிற வாய்ப்புச் செலவு இதுதான். தனியார் பள்ளியில் இரண்டு வருடத்துக்கு 90,000. அதோடு முடியவில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. பதினொன்றாம் வகுப்புக்கு அந்தத் தனியார் பள்ளிக்குப் போனால் அது போய்விடும். மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 36,000. ஆக 1,26,000 ரூபாய் கொடுத்து, பொருளியல் ஆசிரியர் இல்லாத பள்ளியையும் இரண்டு பஸ்ஸை மிச்சம் பிடிப்பதையும் வாங்குகிறீர்கள். நேரமும் செலவுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு விலை அதற்குப் பொருந்தாது.


பெரம்பூர் அம்மா:

டீச்சர், கடையில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். புதுமைப் பெண் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை. அவள் அப்பாவிடம் அந்தக் கணக்கைக் காட்டினேன், யோசிக்க ஆரம்பித்திருக்கிறார். அந்த 78-தான் பயமாக இருக்கிறது. டியூஷன் வைக்க வசதி இல்லை. கணினிப் பயன்பாடுகள் லேசு, மொத்த மதிப்பெண் ஏறும் என்கிறார்கள். அப்புறம் மேலே என்ன படிப்பு, என்ன வேலை என்றும் யாராவது சொன்னால் அவரிடம் சொல்ல வசதியாக இருக்கும்.


மூன்றாமாண்டு:

அக்கா, நான் சென்னையில் ஒரு அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் மூன்றாம் வருடம். பள்ளியில் கணினிப் பயன்பாடுகள் எடுத்துத்தான் வந்தேன், எங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு மட்டும்தான் இருந்தது. அதனால் அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும்.

பள்ளியில் கணிதமே இல்லாமல் பொருளியலை முடித்துவிடலாம் என்று நினைப்போம். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடமே பொருளியலுக்கான கணித முறைகள். அணிகள், வகையிடல், தொகையிடல் எல்லாம் அதில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிப் பாடம் புள்ளியியலும் பொருளாதார அளவையியலும். எங்களுக்கு இரண்டையும் நடத்தவில்லை, "சாய்ஸில் விட்டுடுங்க" என்றார்கள். கல்லூரி வந்தால் கணிதத் தாள், புள்ளியியல் தாள் என்று அவைதான் முன்னால் வந்து நிற்கின்றன. வணிகக் கணிதம் படித்து வந்த நண்பர்கள் இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னும் ஒன்று கூடுதலாகத் தயாரிக்க ஆகும் செலவு என்றதும் வகையிட்டுப் போட்டுவிடுவார்கள். நான் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன், இப்போது பிடித்தும் இருக்கிறது. ஆனால் பள்ளியிலேயே கிடைக்கும் என்றால் ஏன் விட வேண்டும்?

அதைவிட முக்கியம், வெளியூரில் படிக்க ஆசைப்பட்டால். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் பொருளியலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பிலும் நுழைவுத்தேர்விலும் கணிதம் கட்டாயம். கணிதம் இல்லாமல் வந்தால் அந்த வழி அடைபடும்.

சென்னையிலேயே மாநிலக் கல்லூரி, ராணி மேரி, பச்சையப்பன், எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ், லயோலா, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி எல்லாவற்றிலும் பொருளியல் உண்டு. எம்.ஏ.வுக்குச் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத் துறை, கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். ஆராய்ச்சி என்றால் அடையாற்றில் 1971-ல் மால்கம் ஆதிசேசய்யா தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். வேலை என்று மாமா கேட்டால் இதைச் சொல்லுங்கள். பொருளியலில் முதுகலை முடித்தவர்களுக்கு மட்டுமே யுபிஎஸ்சி நடத்துகிற இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு இருக்கிறது. ரிசர்வ் வங்கியில் பொருளாதார ஆய்வுத் துறைக்குத் தனியாக அதிகாரிகளை எடுக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தில் இந்தியப் பொருளாதாரம் ஒரு பெரிய பகுதி, அதற்குப் பள்ளிப் புத்தகங்களைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். எம்.ஏ., பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்தும் தேர்வை எழுதினால் டீச்சர் மாதிரி ஆகலாம். பி.ஏ. முடித்த கையோடு பெரிய சம்பளம் என்று நான் சொல்ல மாட்டேன், என் சீனியர்களில் நிறையப் பேர் தனியார் வங்கியிலும் பிபிஓவிலும்தான் தொடங்கினார்கள். எம்.ஏ. வரைக்கும் படிப்பாள் என்று நினைத்து முடிவெடுங்கள்.


கடலோர ஆசிரியர்:

ஈசிஆரில் ஒரு சர்வதேசப் பள்ளியில் நம் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரியான கேம்பிரிட்ஜ் ஏ லெவல் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தத் தாய் கேட்ட இரண்டு பள்ளிகளுக்கும் நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனாலும் கணிதம் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் ஏ லெவலில் பொருளியல் எடுக்கக் கணிதம் எடுத்தே ஆக வேண்டும் என்பது இல்லை. ஆனால் கேம்பிரிட்ஜ், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் பொருளியல் பட்டப்படிப்புக்கு ஏ லெவல் கணிதம் இல்லாமல் எடுப்பதில்லை. மேலே படிக்கப் போனால் கணிதம் வேண்டியிருக்கும், அதனால் இந்த இரண்டில் வணிகக் கணிதமே சரி.

எங்கள் தேர்வு முறையில் அந்தப் பெண்ணுக்கு உதவக்கூடிய ஒன்று இருக்கிறது. கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் தாள் தனியாக, அதில் 30 கேள்வி. இன்னொரு தாளில் ஒரு செய்தித் துணுக்கும் அட்டவணையும் கொடுத்து அதிலிருந்து கேள்வி, பிறகு கட்டுரை. கட்டுரையில் ஒரு கொள்கையால் யாருக்கு நன்மை, யாருக்குப் பாதிப்பு, எந்த நிலைமையில் அது பலிக்காது என்று எடைபோட்டு எழுதினால்தான் முழு மதிப்பெண். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளையும் நாளிதழில் வணிகப் பக்கத்தை எடுத்து வாரம் ஒரு செய்திக்கு இப்படி ஒரு பக்கம் எழுதிப் பழகலாம். உதாரணத்துக்கு, 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும்போது வாங்கும் வட்டி) 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி 6.5 ஆக்கியது. விலைவாசி ஏறும்போது வட்டியை ஏன் ஏற்றுகிறார்கள், வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு என்ன ஆகும், வைப்புத்தொகை வட்டியில் வாழும் பெரியவருக்கு என்ன ஆகும்? இந்த மூன்றையும் தமிழில் ஒரு பக்கம் எழுதிவிட்டால் பணவியல் பாடம் பாதி முடிந்தது.


பெரம்பூர் அம்மா:

தம்பிக்கும் சாருக்கும் ரொம்ப நன்றி. அவள் அப்பா "டீச்சராகலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார், அதனால் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அந்த அரசுப் பள்ளிக்குப் போகிறோம். டீச்சர், அங்கே போய் என்ன கேட்க வேண்டும்? பள்ளி திறப்பதற்குள் அவள் வீட்டில் என்ன படிக்கலாம்?


கரும்பலகை:

நல்லது அம்மா. 78-ஐப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியலும் வரைபடமும் தடுக்கிவிட்டதா, இயற்கணிதம் தடுக்கிவிட்டதா என்று பாருங்கள். வணிகக் கணிதத்துக்கு இயற்கணிதம்தான் வேண்டும். பின்னம், சதவீதம், சமன்பாடு இந்த மூன்றையும் விடுமுறையில் தினம் கொஞ்சம் போட்டால் போதும். அதில் முக்கோணவியலும் வருகிறது, ஆனால் வகையிடல் பாடத்துக்கு அடுத்த பாடத்திலேயே தேவை நெகிழ்ச்சி, இறுதிநிலைச் செலவு என்று பொருளியலாகவே மாறிவிடும். இவளுக்கு அங்கே வந்ததும் பிடித்துவிடும். மொத்த மதிப்பெண் ஏறுவதற்காக லேசான பாடத்தை எடுக்க வேண்டாம், தம்பி மூன்றாமாண்டு சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

புத்தகத்துக்குக் காசு செலவு செய்யாதீர்கள். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் முழுதும் தமிழில் இலவசமாக இருக்கிறது, பள்ளியில் சேர்ந்ததும் அச்சுப் புத்தகமும் கொடுத்துவிடுவார்கள். முதல் பாடத்திலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள், வரையறைகளாக வந்து பயமுறுத்தும். பதினொன்றாவது பாடம் தமிழ்நாட்டுப் பொருளாதாரம். அதைக் கதை மாதிரி படிக்கலாம். திருப்பூர், சிவகாசி, ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் வரும், அவளுக்குத் தெரிந்த பெயர்கள். அதை முடித்துவிட்டு இரண்டாவது பாடமான நுகர்வுப் பகுப்பாய்வுக்குப் போகட்டும்.

வரைபடத்தைப் பார்த்துப் படிக்க விடாதீர்கள், கையால் போட வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு செங்குத்தாக விலை, கிடையாக அளவு, இரண்டு அச்சுக்கும் பெயர், கோட்டுக்குப் பெயர், வெட்டும் புள்ளிக்குப் பெயர். பிறகு படத்துக்குக் கீழே "மழை பெய்தது, வரத்துக் குறைந்தது" என்கிற மாதிரி ஒரு வரி. விடைத்தாள் திருத்தப் போகும்போது நான் பார்ப்பது, அச்சுக்குப் பெயர் போடாத படம்தான் அதிகம். நன்றாகத் தெரிந்த பிள்ளையும் அங்கே மதிப்பெண்ணை விட்டுவிடுகிறது.

உங்கள் கடையில் ஒரு வேலை கொடுக்கலாம், முதலாளிக்கு ஆட்சேபம் இல்லையென்றால். ஒரே ஒரு வகைப் புடவை, அதன் விலை, ஒரு வாரத்தில் எத்தனை போனது. விலை மாறும்போது மறுபடியும் எத்தனை போனது. விலை எத்தனை சதவீதம் குறைந்தது, விற்பனை எத்தனை சதவீதம் கூடியது என்று பார்த்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் அதுதான் நெகிழ்ச்சி. இந்த நோட்டோடு வருகிற பெண்ணை எந்தப் பொருளியல் ஆசிரியரும் விட மாட்டார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் மூன்று விஷயம் கேளுங்கள். பொருளியல் முதுகலை ஆசிரியர் இந்த வருடமும் இருக்கிறாரா, மாறுதலில் போகிறாரா? மே, ஜூனில் கலந்தாய்வு நடக்கும், ஆள் மாறலாம். ஆள் மாறினாலும் பெரும்பாலும் வேறு ஒருவர் வருவார் என்பதால் அதற்காகப் பின்வாங்க வேண்டாம். அடுத்தது, வணிகக் கணிதப் பிரிவுக்குப் போதிய பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்களா. மிகக் குறைவாக இருந்தால் வேறு பிரிவோடு சேர்த்துவிடுவார்கள், அதனால் முதல் நாளிலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள். கூடப் படித்தவர்கள் யாராவது காமர்ஸ் எடுப்பதாக இருந்தால் அவர்களையும் கையோடு அழைத்துப் போங்கள்.

மூன்றாவதை நாசூக்காகக் கேளுங்கள். 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளின் மேல் இருந்த பாரம் குறைந்தது, எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கிவிடும் பழக்கம் தனியார் பள்ளிகளில் முன்பு இருந்தது, அது திரும்ப வரலாம். பொருளியலில் அப்படிச் செய்தால் தேவை, அளிப்பு, செலவு, சந்தை எதுவுமே தெரியாமல் பிள்ளை நேராக நாட்டு வருமானத்துக்குப் போய் நிற்கும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பதினொன்றிலேயே முழுதும் நடத்துவீர்களா, கடைசிக் கணிதப் பாடத்தையும் எடுப்பீர்களா என்று கேளுங்கள். மகளையே கேட்கச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு கூட்டம் சேர்ந்துவிடும்.